பூங்காவில் இருப்பது டைனோசர் அல்ல

மாறுதலில் தஞ்சாவூர் போகும் நெடுமாறனை விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த பேரூராட்சிச் செயல் அலுவலர் நஜ்மா, அதை மூடிவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்.

"இதப் படிங்க நெடுமாறன்."

'பேரூராட்சிப் பூங்காவில் டைனோசர் என்று பலகை வைக்கப்பட்டுள்ள உருவம் டைனோசர் அல்ல. பொதுமக்களுக்குத் தவறான தகவல் தருவது குறித்து உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, நாகநாதன் (ஓய்வு).'

"பூங்கா ஃபைல் உங்ககிட்டதான இருக்கு? மனு நிலுவையில இருக்கறப்ப உங்கள எப்படி ரிலீவ் பண்றது? முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல?"

இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தஞ்சாவூர் அலுவலகத்தில் சேராவிட்டால் மாறுதல் ரத்து என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. அன்று திங்கள்.

ஆறு வருடமாக நெடுமாறன் இந்தக் கடலோர ஊரில் அறை எடுத்து, தானே ரசம் வைத்து, தானே குறை சொல்லிச் சாப்பிட்டு வந்தார். தஞ்சாவூரில் இருக்கும் மகள் தர்ஷினிக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை. போன வாரம் மாறுதல் உத்தரவைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டார். அந்த அலுவலகத்தில் பொதுவாக மனு கொடுக்க வந்தவர்கள்தான் அழுவார்கள்.

பூங்காவுக்குப் போனார். பேரூராட்சி ஆர்டர் கொடுத்தது 'டைனோசர் ஒன்று' என்று. எவ்வளவு பெரிது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. பொம்மைக் கம்பெனிக்காரர்கள் விற்காமல் கிடந்ததில் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். நீளம் ஒரு மீட்டர். வயிற்றுக்கடியில் 'ரெவுல்டோசாரஸ்' என்று ஒட்டியிருந்த சீட்டை யாரும் குனிந்து படிக்கவில்லை. ஆடு என்று நினைத்து ஒரு நாய் அதைத் துரத்தப் பார்த்ததும் உண்டு.

பக்கத்து பெஞ்சில் நாகநாதன் இருந்தார். தங்க ஃபிரேம் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் ஃபைல். சனிக்கிழமையிலிருந்துதான் இங்கே வாக்கிங் வருகிறார். ஊரார் பார்த்த மாத்திரத்தில் அவரை புரொபசர் ஆக்கிவிட்டார்கள். அவரும் மறுப்பு மனு எதுவும் கொடுக்கவில்லை.

"ஐயா, சின்னப் புள்ளைங்க வெளையாடற பொம்மைங்க. இதுக்குப் போயி..."

"தம்பி, முதல்ல இதோட பல்லு மட்டும்தான் கெடைச்சுது. பல்லப் பார்த்துட்டு டைனோசர்னு முடிவு கட்டிட்டாங்க. முழு எலும்புக்கூடும் கெடைச்சப்பதான் தெரிஞ்சுது, இது முதலை வகையறான்னு. ஒண்ண மட்டும் பார்த்து எடை போட்டா இப்படித்தான் ஆகும்."

"அப்ப போர்ட மாத்திட்டா மனு முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது தம்பி. எனக்கு வேற என்ன வேணும்?"

இவ்வளவு நல்ல மனிதரா என்று நெடுமாறன் நெகிழ்ந்தார். சாயங்காலமே புதுப் பலகை வந்துவிட்டது: 'இது டைனோசர் அல்ல. முதலை இனம்.'

செவ்வாய்க்கிழமை காலையில் பூங்காவுக்குள் ஒருவரும் வரவில்லை. கொள்ளிடத்தில் முதலை பார்த்த ஊர்க்காரர்கள். பலகையில் முதலை என்றால் முதலைதான். வனத்துறையிலிருந்து ஒருவர் போன் செய்து, முதலை வைத்திருக்க அனுமதி வாங்கினீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். மேஜையில் இரண்டாவது மனு இருந்தது: 'பெண்களும் குழந்தைகளும் அச்சத்தில் உள்ளனர். நாகநாதன் (ஓய்வு).'

புதன்கிழமை மூன்றாவது பலகை வந்தது: 'பயப்பட வேண்டாம். இது தாவர உண்ணி. இலை தழை மட்டுமே உண்ணும். மேலும், இது இறந்து இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.' கடைசி வரியை நெடுமாறன் தன் சொந்த முயற்சியில் சேர்த்திருந்தார்.

அன்று இரவு அவர் மனைவி செந்தாமரை போன் செய்தார்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை வந்துருவீங்கல்ல? தர்ஷினி கேலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கா."

"வந்துருவேன். ஒரு பிராணி வழியில நிக்குது. ஓரமா ஒதுக்கி விட்டுட்டு வந்துர்றேன்."

வியாழக்கிழமை மூன்றாவது மனு. 'தாவர உண்ணி என்று அறிந்து மகிழ்ச்சி. நுழைவாயில் கல்வெட்டில் உள்ள இருநூறு மரக்கன்றுகளில் ஒன்றுகூடத் தற்போது காணப்படவில்லை. அவற்றை உண்டது இதுதானா எனத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.'

இதைப் படித்ததும் நஜ்மாவுக்கு முகம் வெளிறியது. அந்தக் கன்றுகள் ஃபைலில் மிகச் செழிப்பாக வளர்ந்து கொண்டிருந்தன.

"அந்தப் பிராணிய முதல்ல அங்கேருந்து எடுங்க. இருந்தாத்தான கேள்வி வரும்?"

மேடம் சொல்வது நியாயமாகப் பட்டது. நெடுமாறன் தன் கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினார். கனமே இல்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டியோடு அலுவலகம் வந்தார். நஜ்மா நான்காவது மனுவை நீட்டினார். 'பூங்காவில் இருந்த அரசுச் சொத்தைக் காணவில்லை. விசாரணை முடியும்வரை பொறுப்பு ஊழியரை விடுவிக்கக் கூடாது. நகல்: மாவட்ட ஆட்சியர்.'

"மோட்டார் ரூம்லதான் மேடம் இருக்கு. வாங்க, காட்டறேன்."

"யாரு உத்தரவுல எடுத்தீங்க?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"நான் வாயில சொன்னேன். ஃபைல்ல சொன்னனா? கலெக்டருக்கு நகல் போயிருக்கு. திங்கக்கிழமை விசாரணை வெச்சுக்கலாம், உக்காருங்க."

உட்கார்ந்தார். மாலை ஐந்தே முக்கால் வரை உட்கார்ந்தே இருந்தார். அதற்குள் மாறுதல் செத்துப்போனது. வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது தர்ஷினி.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்லம்மா. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

தர்ஷினி போனை வைத்துவிட்டாள். நெடுமாறன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் அம்சம், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

"எடுத்துக்குங்க சார். கண்ணாடி போட்ட பெரியவரு குடுத்தாரு. எங்க வீட்டு மாடியிலதான் ஒரு வாரமா வாடகைக்கு இருந்தாரு. இப்பத்தான் பஸ் ஏத்தி விட்டுட்டு வர்றேன்."

"யாரு, புரொபசரா?" மனு கொடுத்தவர் மீது கோபம் இருந்தாலும் பசியும் இருந்தது. நெடுமாறன் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ரொம்பப் படிச்ச மனுஷன். எதுக்கு இனிப்பு?"

"அவரு எங்க சார் புரொபசரு? உங்க டிபார்ட்மென்ட்லதான் சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனாராம். தஞ்சாவூர்ல நீங்க போக இருந்த சீட்டுல இருக்காரே, அவரோட மாமனாரு."