கோடேஸ்வர ராவின் தோசக்காய்க் கொடி

இது நடந்தது 2004-இலா, அதற்கு அடுத்த வருஷமா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வசந்தியைக் கேட்டால் ஒன்று சொல்வாள். ஜெயச்சந்திரனைக் கேட்டால் பேச்சை மாற்றுவான். இருவர் நினைவிலும் மாறாமல் இருப்பது, போனை வைத்துவிட்டு அவன் நின்ற நிலை மட்டும்தான்.

"யாருங்க போன்ல?"

"வீட்டுக்காரர். அமெரிக்காவுல இருந்து வந்துட்டாராம். சாயங்காலம் கொடியப் பாக்க வாராராம்."

வசந்தி கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அந்த வீடு கிடைத்ததே ஒரு கொடியின் பேரில்தான். வீட்டுக்காரர் கோடேஸ்வர ராவ் அமெரிக்காவில் இருந்த மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது, மொட்டைமாடித் தொட்டியைக் காட்டித் தெலுங்கில் சொன்னார்: "தோசக்காய். எங்கள் குண்டூர்ப் பக்கத்து வெள்ளரி விதை. கடையில் காய் வாங்கித் தின்று எனக்குப் பழக்கமில்லை. தண்ணீர் ஊற்றுங்கள். கொடி இருக்கும்வரை நீங்களும் இருக்கலாம். காய்ந்தால் காலி செய்துவிடுங்கள்."

மகள் தாரிணியின் பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியில் இருந்தது. ஜெயச்சந்திரன் யோசிக்காமல் தலையாட்டினான்.

"தண்ணி ஊத்தினேல்லா?" என்று இப்போது கேட்டான்.

"ஊத்தினேன். அப்புறம் புடுங்கிட்டேன்."

"புடுங்கிட்டியா!"

"எங்க கோயில்பட்டியில வெள்ளரிக்கா பச்சையால்லா இருக்கும்? இது குண்டு குண்டா மஞ்சளாக் கெடந்துச்சு. முத்தி அழுகிப்போச்சுன்னு நெனச்சேன். அந்த எடத்துல புடலை போட்டேன்."

"புடலை எங்க?"

"வரல."

குக்கர் விசில் அடித்தது.

பட்டான்செருவில் குடியிருந்த ஆபீஸ் நண்பன் கணேஷ்குமாருக்குப் போன் போட்டான்.

"பதறாதீங்கண்ணே. இங்க காட்டுல தோசக்காக் கொடி கெடக்கு. கேட்டு வாங்கி, மண்ணோட பேத்துக் கொண்டாரேன்."

கொண்டுவந்தான். ஷேர் ஆட்டோவில், ஷிப்ட் முடிந்து திரும்பும் ஆட்களுக்கு நடுவில், கொடியைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. ஒருவருடைய டிபன் கேரியரோடு அது சுற்றிக்கொண்டதில் நுனி அறுந்திருந்தது. பூ இருந்தது. காய் ஒன்றுகூட இல்லை.

"இத்தன நாள் தண்ணி ஊத்தியும் காய்க்கலன்னா என்னன்னு சொல்ல?" என்றான் ஜெயச்சந்திரன்.

வசந்தி உழவர் சந்தைக்கு, அந்த ஊர் ரைத்து பஜாருக்கு, ஓடினாள். மஞ்சள் மஞ்சளாகத் தோசக்காய்களோடு வந்தாள். பூத்தொடுக்கும் நூலால் கொடியில் கட்டினாள். கனம் தாங்காமல் கொடி தரைக்கு வந்தது. பந்தல் குச்சியோடு சேர்த்து இரட்டை முடிச்சாகப் போட்டாள். அதற்குள் இலைகள் வாடத் தொடங்கின. ஜெயச்சந்திரன் வாளி வாளியாக ஊற்றினான். தொட்டித் தண்ணீர் படியில் இறங்கி வாசல் வரை ஓடியது.

கீழேயிருந்து தாரிணி அப்பாவைத் தெலுங்கில் கூப்பிட்டுக் கத்தினாள்: "நானா! தாத்தகாரு வச்சேசாரு!"

தாத்தா வந்தேவிட்டார்.

கண் ஆபரேஷனுக்குப் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு ராவ் ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் அவர் மனைவி சகுந்தலம்மா. ராவ் தொட்டியருகே உட்கார்ந்தார். ஒரு காயை முகர்ந்தார். இலையைத் தடவினார்.

ராவ் காயைப் பிடித்துத் திருகினார். வரவில்லை. இழுத்தார். பந்தலே சாய்ந்து அவரிடம் வந்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா, என்ன காம்பு!" என்றார் ராவ். "எங்கள் நைனா வைத்த கொடியும் இப்படித்தான். லேசில் காயை விடாது."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு தப்பித்தது என்று ஜெயச்சந்திரன் மூச்சு விட்டான். முழு மூச்சாக விடுவதற்குள் ராவ் எழுந்துவிட்டார்.

"என் மண் என்னை விடவில்லை பார்த்தீர்களா! இனி அமெரிக்கா வேண்டாம். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். நீங்கள் மாசக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்."

பார்த்துக்கொண்டார்கள். மியாப்பூரில் கிடைத்தது. தாரிணி அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். கணேஷ்குமார் பெங்களூருக்கு வேலை மாறிப் போனான். பட்டான்செருக் கொடி வேர்பிடித்து நன்றாகக் காய்த்தது. ராவ் கடைசிவரை அதைக் குண்டூர் ருசி என்று சொல்லிச் சாப்பிட்டார்.

சகுந்தலம்மா மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர். சாமான் ஏற்றிய அன்று, வசந்தியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, காஞ்சா காலி பண்ணச் சொன்னதெல்லாம் உங்களை மிரட்டத்தான். கொடி காஞ்சிருந்தா இந்த வீட்டை உங்ககிட்டயே விட்டுட்டு, பேரப்பிள்ளைங்களோட அமெரிக்காவுலயே இருந்துடலாம்னு சொல்லியிருந்தார்மா. அது காயணும்னு நான் திருப்பதிக்கு முடியே நேர்ந்துக்கிட்டிருந்தேன்!"