போன தேதி, வந்த தேதி

இந்த வருஷம் வரிப் படிவத்தை நானே நிரப்புகிறேன் என்று ஈபோ அறிவித்தபோது, அவன் மனைவி அராபா புளித்த சோளமாவில் அவித்த கெங்கி உருண்டையின் வாழைச்சருகை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த கை நிற்கவே இல்லை.

ஓஹையோவுக்குப் படிக்க வந்தவன் என்னமோ அவன்தான். ஆனால் வந்து இறங்கிய நாளிலிருந்து பாஸ்போர்ட், விசா, வருகைப் பதிவு, வரி என்று காகிதம் எல்லாம் அராபாவின் ராஜ்யம். கானாவில் கேப் கோஸ்ட் வரி அலுவலகத்தில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள். மாணவனின் மனைவி இங்கே வேலைக்குப் போகக் கூடாது என்றதும், அந்த ஒன்பது வருஷத்து வெறியையும் ஒரு பச்சை ஃபைலில் இறக்கிவிட்டாள்.

"திடீர்னு என்ன ஞானோதயம்?"

"நீ ஒருத்தியே எவ்வளவு கஷ்டப்படுவே, பாவம்."

"எனக்கென்ன கஷ்டம், பொழுது போகுது."

"ஆம்பளைக்குன்னு ஒரு பொறுப்பு வேணாமா?"

"வேணும், வேணும். நானும் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

விஷயம் இதுதான். வெளிநாட்டு மாணவனுக்கான வரிப் படிவத்தில் ஒரு பாழாய்ப்போன கேள்வி உண்டு: போன வருஷம் எந்தெந்தத் தேதியில் நாட்டை விட்டுப் போனாய், எப்போது திரும்பி வந்தாய்? ஈபோ ஏப்ரல் இருபத்துநாலு போனான், இருபத்தெட்டு வந்தான். போனது ஆய்வகத் தோழர்களோடு மெக்சிகோ கடற்கரைக்கு. வீட்டில் சொன்னதோ, ஹூஸ்டனில் மென்சா சித்தப்பா செத்துப்போனார் என்று.

அப்போது மாமியார் நியூ ஜெர்சியிலிருந்து வந்து மூன்றாவது வாரமாகக் கூடத்தை ஆண்டுகொண்டிருந்தாள். வேறு சாக்கு எதுவும் எடுபடாது. இழவுக்குப் போகாதே என்று சொல்லும் கானாக்காரி இன்னும் பிறக்கவில்லை. அராபா கறுப்புத் துணியை இஸ்திரி போட்டே கொடுத்தாள். மாமியார் முன்பின் பார்த்திராத மனிதருக்காக அரை மணி நேரம் அழுதாள். சித்தப்பாவோ ஹூஸ்டனில் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

தேதியை எழுதாமல் விட்டால் என்ன? வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் போய், ஒரு நண்பனுக்காக என்று கேட்டான்.

"தேதியெல்லாம் அரசாங்கத்துகிட்ட ஏற்கெனவே இருக்கு," என்றாள் அங்கிருந்த பெண்மணி. "மறைச்சா நாளைக்கு உங்க நண்பரோட விசாவுக்கே வினை."

எழுதி, அது அராபா கண்ணில் பட்டால் நண்பரின் தலைக்கே வினை. திரும்பும் வழியில் பேருந்தில் ஈபோவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பக்கம் அமெரிக்கா, இந்தப் பக்கம் அராபா. அமெரிக்காவிடமாவது மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி எழுதினான். உறையில் போட்டு, நாக்கு வறளும்வரை நக்கி ஒட்டினான். தபால்தலைதான் இல்லை. அது பச்சை ஃபைலில் இருந்தது.

"சம்பளச் சான்று வெச்சீங்களா?" தபால்தலையை நீட்டாமலே கேட்டாள் அராபா.

"வெச்சேன்."

"கையெழுத்து?"

"போட்டாச்சு."

"எத்தனை நாள் இந்த நாட்டுல இருந்தீங்கன்னு தனியா ஒரு தாள் உண்டே, அது?"

அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

"தெரிஞ்சாத்தானே. நான் எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போடுங்க."

பேனாவை எடுத்துக் குனிந்தவன் அப்படியே நின்றான். கட்டத்துக்குள் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் 362 என்று இருந்தது.

"வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளாச்சே," என்றான்.

"போன நாளும் வந்த நாளும் இங்க இருந்ததாத்தான் கணக்கு. நடுவுல மூணு நாள்தான் கழியும்."

ஈபோ பேனாவைக் கீழே வைத்தான். "எப்பத் தெரியும்?"

"ஜனவரியில. பாஸ்போர்ட் நம்பர் இருந்தா வருகைப் பதிவு இணையத்துலயே கிடைக்குது. நீங்களாச் சொல்லுவீங்கன்னு மூணு மாசம் காத்துக்கிட்டிருந்தேன். உறையை ஒட்டியிருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது, அமெரிக்காக்காரன்கிட்ட சொல்லிட்டீங்க, எங்கிட்ட சொல்லல."

அவனுக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சிடு அராபா."

"அதெல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. இருபத்தாறாம் தேதி சித்தப்பாவுக்கு முதல் வருஷத் துக்கம் வருதில்ல, நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். ஊர்க்காரங்க நாப்பது பேர். அம்மா நாளைக்கே வர்றாங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. அவரைப் பத்தி நீங்கதான் எழுந்து பேசணும்."

"ஐயோ, அவர் உயிரோட இருக்கார்டி."

"தெரியும். துக்கம் விசாரிக்க ஃபோன் போட்டேன், அவரேதான் எடுத்தார். முன் வரிசையில இடம் போட்டு வெக்கச் சொன்னார்."