பேர் பின்னால் சொல்லப்படும்

பஃபலோவில் ஏரிப் பனி கொட்ட ஆரம்பித்ததும் பேஸ்பால் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். லெஸ்டர் ஸாவிக்கியின் வாய்க்குப் பூட்டுப் போடத்தான் ஆளில்லை. ஆட்டம் நடக்கிற மாதங்களில் அவன் ஓரளவு அமைதியான மனிதன். ஆட்டம் நின்ற பிறகுதான் அவனுக்கு வேலையே ஆரம்பிக்கும். ஊர் அணியான ஹெரான்ஸ் யாரை வாங்க வேண்டும், யாரை விற்க வேண்டும், யாரைக் கண்ணில் படாமல் விரட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவன் தன் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே முடிவு செய்வான். ஹெரான்ஸ் நிர்வாகம் அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அவன் மனைவி டோரீன். அவளுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

லெஸ்டர் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டோரீன் இன்னும் ஓயவில்லை. மருந்துக் கடை கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, ஜன்னலோரம் இருக்கும் தன் நீல நாற்காலியில் அப்படியே விழுவாள். அந்த நாற்காலி ஒன்றுதான் அந்த வீட்டில் அவளை எதுவும் கேட்காத பொருள்.

"பெர்டோமோவை விட்டுட்டாங்க, தெரியுமா?" என்றான் லெஸ்டர், அவள் கோட்டைக்கூடக் கழற்றாத நேரத்தில்.

"தெரியும். காலையில சொன்ன."

"காலையில சொன்னது சேதி. இப்போ சொல்லப்போறது என் கருத்து."

"கருத்தும் காலையிலயே வந்துடுச்சு. நான் குளிச்சிட்டிருந்தப்போ கதவுக்கு வெளிய நின்னு சொன்ன."

"அது பாதிதான். தண்ணிச் சத்தத்துல மீதியை நிறுத்திட்டேன்."

பெர்டோமோ ஹெரான்ஸ் அணியில் பல வருஷமாக ஃபர்ஸ்ட் பேஸ் என்கிற முதல் தளத்தைக் காத்து ஆடியவன். அவன் படம் போட்ட சட்டையை லெஸ்டரே ஒரு காலத்தில் துவைக்க விடாமல் போட்டுக்கொண்டு திரிந்ததுண்டு. இப்போது அந்தச் சட்டை காரேஜில் எண்ணெய் துடைக்கிறது.

"நல்ல காரியம் பண்ணாங்க," என்றான். "முழங்கால் போச்சு. தொப்பை வந்தாச்சு. ஓடச் சொன்னா நடக்கறான், நடக்கச் சொன்னா உட்கார்றான். போதாததுக்கு, டிவிக்காரங்க மைக்கை நீட்டினா நிர்வாகத்தையே திட்டறான். வயசானவனை, பேர் இருக்கறப்பவே தள்ளி விட்டுரணும். ஒரு வாட்டி விட்டா திரும்பி எடுக்கவே கூடாது. அதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

டோரீன் அவனைப் பார்த்தாள். அவன் முழங்காலில் வெந்நீர்ப் பை இருந்தது. தொப்பையின் மேல் ஒரு கிண்ணம் சிப்ஸ், யாரும் பிடிக்காமலே ஆடாமல் நின்றது.

"நிஜமாத்தான் சொல்றியா?"

"நிஜமாத்தான்."

"சரி." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "லெஸ்டர், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்தக் குளிர்காலத்துல ஒரே ஒரு சாயந்திரம், யாரும் யாரையும் வாங்காம, விக்காம, இந்த நாற்காலியில நான் சும்மா உட்கார்ந்திருக்கணும். அவ்வளவுதான்."

"உட்காரேன், யார் வேண்டாம்னா? நான் இடதுகைப் பந்துவீச்சாளர்களைப் பத்தித்தான் சொல்லப்போறேன். நீ பாட்டுக்கு உட்காரு."

இத்தனை வருஷமும் வாயால் பேரம் பேசியே போய்விட்டது என்று லெஸ்டருக்கு ஒருநாள் உறைத்தது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு பேரத்தைத் தன் கையாலேயே முடித்துக் காட்டுவது என்று சபதம் எடுத்தான். அதற்கான சரக்கும் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. மிஸஸ் டூடெக் என்ற கிழவி அங்கே தனியாக இருந்தாள். காலமான கணவன் விட்டுப்போன பனி வாரும் மெஷின் ஒன்று அவள் காரேஜில் சும்மா நின்றது. சிவப்பு நிறம், கன்றுக்குட்டி அளவு. லெஸ்டரோ ஒவ்வொரு காலையும் வாசல் பனியை மண்வாரியால் வாரிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய காரேஜ் கதவை ஏக்கத்தோடு பார்ப்பான்.

டோரீன் வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அவன் அந்தக் கதவைத் தட்டினான்.

"மெஷினா?" என்றாள் மிஸஸ் டூடெக். அவளுக்கு ஒரு காது மந்தம், மற்றொன்று பரவாயில்லை. "எடுத்துக்கோ. பதிலுக்கு என்ன தர்ற?"

"தூண்டில் தர்றேன். நல்ல தூண்டில்."

"மீனைப் புடிச்சு யாருக்கு வறுக்கப்போறேன்? உங்க ஜன்னல்ல ஒரு நீல நாற்காலி தெரியுதே, அதைத் தா."

"அது பழசு மிஸஸ் டூடெக். ஸ்ப்ரிங் போயிருச்சு."

"எனக்கும்தான் போயிருச்சு. ஒத்துப்போகும்."

லெஸ்டர் ஒரு கணம் தயங்கினான் என்று சொல்லத்தான் ஆசை. தயங்கவில்லை. ஆனால் கிழவி விடுகிற மாதிரி இல்லை.

"மெஷின் பெருசு, நாற்காலி சின்னது. கணக்கு சரியா வரலையே."

லெஸ்டர் தன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த நிமிஷம் இது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "சரி. நாற்காலியோட, பேர் பின்னால் சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருத்தரும் உண்டு."

கிழவியின் முகம் மலர்ந்தது. "என் புருஷனும் ஹெரான்ஸ் பைத்தியம்தான். அது என்னன்னு எனக்குத் தெரியும். பேரை யார் சொல்றது?"

"எங்க வீட்லேர்ந்து சொல்லுவோம்."

"எப்போ?"

"பின்னால," என்றான் லெஸ்டர். அவன் அகராதியில் அதற்கு ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். இருவரும் கை குலுக்கினார்கள்.

சாயந்திரம் டோரீன் வந்து, வழக்கம்போல ஜன்னல் பக்கம் போய் உட்காரப்போனாள். நல்ல வேளை, கடைசி நொடியில் திரும்பிப் பார்த்தாள். கம்பளத்தில் நாலு கால் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன.

"என் நாற்காலி எங்கே?"

"அதை விடு. காரேஜ்ல போய்ப் பாரு. ஊரே பேசும் இந்த பேரத்தை."

"நாற்காலி எங்கேன்னு கேட்டேன்."

அவன் ஆதியோடந்தமாகச் சொன்னான். கிழவி கேட்டதையும், தான் மடக்கியதையும், கடைசியில் சேர்த்த அந்த ஒரு வரியையும்.

"அது என்ன, பேர் பின்னால் சொல்றது?" என்றாள் டோரீன். கோட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டே கேட்டாள்.

அவள் பேஸ்பால் பற்றித் தானாக ஒரு கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை. லெஸ்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு டீம் ஆள் மாத்திக்கறப்போ தராசு கொஞ்சம் ஒரு பக்கம் சாயும். அப்போ, இன்னொருத்தனையும் தர்றோம், யாருன்னு அப்புறம் சொல்றோம்னு ஒரு வார்த்தை சேர்ப்பாங்க. பெரும்பாலும், இங்க ஒண்ணுக்கும் ஆகாம உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கறவன் எவனோ, அவனைத் தள்ளி விட்டுருவாங்க."

"ஒண்ணுக்கும் ஆகாதவனை."

"ஆமா."

"உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருக்கறவனை."

"அதேதான். நீ சீக்கிரம் புடிச்சுக்கற டோரீன்."

அவள் அந்த நாலு குழிகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கண் கலங்கியிருந்தது. வெளியே வாடைக்காற்று அப்படி என்று லெஸ்டர் நினைத்துக்கொண்டான். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய், ஸ்டூலில் உட்கார்ந்து பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்தாள். லெஸ்டருக்குக் கொஞ்சம் உறுத்தியது. அதை மறைக்க இடதுகைப் பந்துவீச்சாளர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசினான்.

மறுநாள் சர்ச் பூசை முடிந்து காபி கொடுக்கிற கூடத்தில் டோரீனும் மிஸஸ் டூடெக்கும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். லெஸ்டர் அதைப் பார்த்தான். பெண்கள் விவகாரம் என்று டோனட் எடுக்கப் போய்விட்டான்.

மத்தியானம் வாசல் மணி அடித்தது. மிஸஸ் டூடெக் நின்றாள்.

"என் ஆளைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"எந்த ஆளு?" என்றான் லெஸ்டர்.

டோரீன் உள்ளேயிருந்து அவனுடைய கோட்டையும் குல்லாவையும் எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "பேர் சொல்லியாச்சு."

"டோரீன், விளையாடாத."

"விளையாடறது நீ. நானும் இந்த வீட்டுல பாதி முதலாளி. ஒண்ணுக்கும் ஆகாம உட்கார்ந்து சாப்பிடறவனைத்தான் தரணும்னு நீ சொன்ன. வீடு பூரா தேடிப் பார்த்தேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"பனி உருகற வரைக்கும்," என்றாள் மிஸஸ் டூடெக். "ராத்திரி தூங்க மட்டும் வீட்டுக்கு அனுப்புவேன். குறட்டை எனக்கு ஆகாது."

கை குலுக்கிய பேரத்தில் பின்வாங்குகிறவனை லெஸ்டர் மூன்று தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியிருக்கிறான். அதனால் அவன் போனான்.

முதலில் அவளுடைய வாசல் பனியை வாரினான். பிறகு தன் வாசல் பனியை வாரினான். மெஷின் கிடைத்ததில் அவனுக்கு மிஞ்சிய லாபம், ஒரு வாசல் இரண்டு வாசலானதுதான். அது கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம்தான் கஷ்டம். மிஸஸ் டூடெக் நீல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவனை பியானோ ஸ்டூலில் உட்கார வைத்து, முட்டைக்கோஸ் சூப்பைக் கையில் கொடுத்து, ஆரம்பிப்பாள்.

"பெர்டோமோவை விட்டாங்களே, அவங்க உருப்படுவாங்களா?"

"அது வந்து மிஸஸ் டூடெக், நிர்வாகம்னு பார்த்தா..."

"நன்றி கெட்டவங்க. நான் சொல்றேன் கேளு."

அவன் கேட்டான். ஸ்டூலை அவளுடைய மந்தக் காது பக்கமாகத்தான் போட்டிருந்தாள். அவன் சொன்னது எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை. அவள் சொன்னது எல்லாம் அவனிடம் வந்து சேர்ந்தது. யாரை வாங்க வேண்டும், யாரை விற்க வேண்டும், அவள் கணவன் உயிரோடு இருந்தால் யாரைச் செருப்பால் அடித்திருப்பான் என்பதெல்லாம். ஒரே கருத்தை காலையில் ஒரு தடவை, சூப்போடு ஒரு தடவை, வாசலில் அவன் பூட்ஸ் மாட்டும்போது ஒரு தடவை சொன்னாள். எதிராளி பேசி முடிக்க மாட்டானா என்று காத்திருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

மனசில் தேங்கிய கருத்துகளோடு வீட்டுக்கு ஓடிவருவான். அங்கே அவனுடைய சாய்வு நாற்காலியில் டோரீன் படுத்திருப்பாள். காலடியில் அவனுடைய வெந்நீர்ப் பை, மடியில் பாதி நிரப்பிய குறுக்கெழுத்து. வீடு அவ்வளவு நிசப்தமாக இருக்கும். அவள் முகத்தில் பல வருஷமாக அவன் பார்க்காத ஒரு தெளிவு. எழுப்ப மனசு வராமல், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுப்பான்.

ஜனவரியில் ஒருநாள் அவனுக்குத் தாங்கவில்லை.

"டோரீன், என்னைத் திரும்ப எடுத்துக்கோ."

"வயசானவனை ஒரு வாட்டி விட்டா திரும்ப எடுக்கவே கூடாது."

"யார் சொன்னது?"

"முழங்கால் போச்சு, தொப்பை வந்தாச்சுன்னு சொன்னவன்."

"அது பெர்டோமோவைச் சொன்னேன்."

"முழங்கால்ல பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் பென்சிலைக் கூர்சீவப் போனாள்.

பிப்ரவரியில் அது நடந்தது. மிஸஸ் டூடெக்கின் ரேடியோ, பெர்டோமோவை ஹெரான்ஸ் மறுபடியும் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னது. கிழவி நீல நாற்காலியை விட்டு எழுந்து ரேடியோவை முத்தமிட்டாள். "இனிமே எனக்குத் திட்ட ஒண்ணுமில்ல. நீ எதுக்கு? உன் வீட்டம்மா எடுத்துக்கிட்டா நீ போகலாம். மெஷினை வெச்சுக்கோ. நாற்காலி தர மாட்டேன்."

லெஸ்டர் கோட்டை மாட்டாமலே பனியில் ஓடினான். முழங்கால் அவனைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

"டோரீன், பெர்டோமோவைத் திரும்ப எடுத்துட்டாங்க. நான் சொன்னது தப்பு. வாயால ஒத்துக்கறேன். பழைய ஆளுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு."

சாய்வு நாற்காலியிலிருந்து அவள் நிதானமாகத் திரும்பினாள். "என்ன நிபந்தனையில எடுத்தாங்க?"

லெஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியும், ஆனால் ஒப்பந்த விஷயத்தில் வராது. "பயிற்சி முகாமுக்கு வரலாம். டீம்ல இடம் உறுதி இல்ல. பழைய இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, அதனால பெஞ்சுல உட்காரணும்." கொஞ்சம் நிறுத்தினான். "வாயத் திறந்து கருத்துச் சொல்லக் கூடாது. யார்கிட்டயும்."

"ஒத்துக்கிட்டானா?"

"வேற எங்க போவான்?"

"அதே நிபந்தனை," என்றாள் டோரீன்.

வாசல் கதவோரம் பூட்ஸ் கழற்றுகிற மரப் பெஞ்சு ஒன்று உண்டு. லெஸ்டர் அதில் உட்கார்ந்தான். வீட்டில் இருக்கிறோம் என்பதே அவனுக்கு ஆறுதலாக இருந்தது. சமையலறை ரேடியோ மெல்லிய குரலில் இன்னொரு சேதி சொன்னது. ஹெரான்ஸ், தோள் அறுவை செய்துகொண்ட ஓர் இடதுகைப் பந்துவீச்சாளரை வாங்கிவிட்டார்களாம், அதற்காக இரண்டு இளைஞர்களை விட்டுக்கொடுத்து. லெஸ்டரின் வாய் தானாகத் திறந்தது. டோரீன் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். அவன் வாய் மூடிக்கொண்டது.

அவள் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்தை நிரப்பினாள். பிறகு, தலை நிமிராமலே சொன்னாள்: "தப்பு பண்ணிட்டாங்க. அந்தத் தோள் ஜூன் மாசம் தாண்டாது. ரெண்டு பசங்கள்ல அந்த உயரமான பையனையாவது வெச்சிருந்திருக்கணும்."

இத்தனை குளிர்காலமும் அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவன் சொல்ல நினைத்ததும் அட்சரம் பிசகாமல் அதேதான், ஆனால் ஆமாம் என்று சொல்வதும் ஒரு கருத்துதானே என்று லெஸ்டர் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான்.