செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் டைம் கீப்பர் யாருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லை. பஸ் நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால் டிரைவரைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்க்கும். டிப்போவில் அவருக்கு 'நிமிஷம்' என்றே பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர், வாழ்க்கையின் முதல் தப்பான நேரத்தைக் கட்டிய மனைவிக்கே சொல்வது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முகத்தில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தார்.

காரணம் மகள். நர்ஸ் வேலை கிடைத்துப் பசிபிக் கடலின் நட்ட நடுவில் இருக்கும் ஒரு தீவுக்குக் கணவனோடு போனவள். இப்போது அவள் வயிற்றில் ஏழு மாசம். அம்மா வந்து மூணு மாசம் கூட இருந்தால் தைரியமாக இருக்கும் என்று போனில் ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான். அம்மாக்காரி தையல் மிஷினை நிறுத்திவிட்டு அன்றைக்கே விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். பதிலும் வந்துவிட்டது. திங்கட்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, தீவு நேரப்படி, வீடியோவில் நேர்காணல். பத்து நிமிஷம் தவறினாலும் விண்ணப்பம் ரத்து.

"என்னங்க, அங்க திங்கட்கிழமை மூணரை மணின்னா இங்க எப்போ?" என்று கடிதத்தை நீட்டினாள் மனைவி. "நேரமெல்லாம் உங்க டிபார்ட்மென்ட் ஆச்சே."

அந்தக் கேள்வியில்தான் அவருக்குப் புத்தி கெட்டது. மூணு மாசம் என்றால் தொண்ணூறு நாள். தொண்ணூறு நாள் என்றால் இருநூற்று எழுபது வேளை. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பதே அவருக்கு வதந்தி மாதிரிதான் தெரியும். உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்பதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்வார். போகாதே என்று வாய்விட்டுச் சொல்லலாம். ஆனால் பெண்டாட்டி இல்லாமல் இருக்க முடியாது என்று ஒரு மூத்த டைம் கீப்பர் எப்படிச் சொல்வது? மீசை என்று ஒன்று முகத்தில் எதற்கு இருக்கிறது?

பார்த்துச் சொல்கிறேன் என்று கடிதத்தை வாங்கிக்கொண்டார். மகளின் பழைய பள்ளிக்கூட அட்லஸைப் பரண்மேலிருந்து இறக்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஸ்கேலும் பென்சிலுமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். கிழக்கே போகப் போக சூரியன் முன்னாலேயே வரும், பதினைந்து டிகிரிக்கு ஒரு மணி நேரம். இது அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து தீவு வரைக்கும் கோடு கோடாக எண்ணினார். எட்டு. அதற்கு மேல் அரைக் கோடு. ஆக, தீவு எட்டரை மணி நேரம் முன்னால். அங்கே திங்கள் பிற்பகல் மூன்றரை என்றால் இங்கே திங்கள் காலை ஏழு. ஓரத்தில் பென்சிலால் எழுதி, அடியில் கோடும் போட்டார். தீவுக்கு முன்னால் கடலுக்குள் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வளைந்து நெளிந்து போயிற்று. ஏதோ கப்பல் பாதை என்று அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிட்டார்.

சரியான நேரம் கையில் வந்த பிறகு தப்பு நேரம் தயாரிப்பது என்ன பெரிய காரியம்? மணியை மாற்றினால் சந்தேகம் வரும். நாளை மாற்றினால் வராது. மனைவி தையல் மிஷினில் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி."

"திங்கள்னு போட்டிருக்கே?"

"அது தீவுத் திங்கள். இங்க வந்து சேர ஒரு நாள் ஆகாதா? எவ்வளவு தூரம்."

தான் சொன்ன காரணம் அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒரு தபால் மாதிரி திங்கட்கிழமையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும் என்று எந்தப் பைத்தியக்காரனாவது சொல்வானா? ஆனால் மனைவி மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்து அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "சரிங்க, செவ்வாய் ஏழு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள். அவள் இத்தனை சுலபமாக நம்பியது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு மனசு உறுத்தியது. மகள் முகம் கண் முன்னால் வந்தபோதெல்லாம், வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம், மாப்பிள்ளை லீவு போடலாம், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்குத் தெரியாத பிரசவமா என்று தனக்குத்தானே வாதாடினார். எதிர்த் தரப்பு வாதமும் அவரேதான். ஆனாலும் வழக்கில் அவர்தான் ஜெயித்தார்.

திங்கட்கிழமை வந்தது. அந்த வாரம் அவருக்கு மதிய ஷிப்ட். ஆறே முக்காலுக்கே செய்தித்தாளை விரித்துக்கொண்டு, கடிகாரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தார். ஆறு ஐம்பத்தெட்டு. மனைவி ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ஏழு. அடுத்த பட்டனை எடுத்தாள். ஏழு ஐந்து. நூலைப் பல்லால் கடித்தாள். ஏழு பத்து. டைம் கீப்பர் ஒரு பெருமூச்சு விட்டார். செய்தித்தாளின் முதல் பக்கம் அசைந்தது. அன்றைக்கு டிப்போவில் பன்னிரண்டு நிமிஷம் தாமதமாக வந்த ஒரு டிரைவரைத் திட்டவில்லை. ஓட்டுநர்கள் எல்லாரும் பயந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி நல்ல சேலை கட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஆறுதல் வார்த்தைகள் நாலைந்து தயாராக வைத்திருந்தார். ஆபீஸ்காரங்க அப்படித்தாம்மா. அடுத்த தடவை பார்த்துக்கலாம். நீ கலங்காதே. கடைசியில் ஒரு ஹோட்டல் சாப்பாடு.

சரியாக ஏழு மணிக்குத் திரை வெளிச்சமானது. ஓர் அதிகாரி சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பக்கத்துக் கட்டத்தில் மகள், மொழிபெயர்க்க. டைம் கீப்பர் முதலில் மனைவியைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியின் தலைக்கு மேலே ஒரு நாள்காட்டி தொங்கியது. அதில் திங்கட்கிழமை.

இங்கே செவ்வாய் பல் விளக்கிக் குளித்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே திங்கட்கிழமைக்கு இன்னும் மதியச் சாப்பாடே செரிக்கவில்லை. அந்தப் புள்ளிக் கோடு கப்பல் பாதை இல்லை, சர்வதேசத் தேதிக் கோடு, அதைத் தாண்டினால் ஒரு நாள் பின்னால் போய்விடும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தீவு எட்டரை மணி நேரம் முன்னால் இல்லை, பதினைந்தரை மணி நேரம் பின்னால். மணி ஒன்றுதான், நாள்தான் வேறு. அவர் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த நிஜம் பொய். ஜோடித்துச் சொன்ன பொய் அப்பட்டமான நிஜம்.

அதிகாரி ஏதோ சொல்ல, மகள் பெருமையோடு மொழிபெயர்த்தாள். "அப்பா, வெளிநாட்டுக்காரங்க முக்கால்வாசிப் பேர் ஒரு நாள் முன்னாடியே வந்து உட்கார்ந்துடுவாங்களாம். யார் இவ்வளவு சரியா கணக்குப் போட்டதுன்னு கேட்கிறார்."

"என் வீட்டுக்காரர்தான்" என்றாள் மனைவி.

அதிகாரி அவரைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். வேறு வழியில்லாமல் அவரும் தாழ்த்தினார். அடுத்ததாக, மனைவி போவதில் உங்களுக்குச் சம்மதமா, தனியாகச் சமாளிப்பீர்களா என்று அவரையே கேட்டார்கள். திரையில் மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "தாராளமா" என்று அவர் வாய் சொன்னது. அப்படிப்பட்ட கணவர் இருக்கும்போது மூன்று மாதம் எதற்கு, ஆறு மாதமாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டார்.

லேப்டாப்பை மூடியதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி அவருக்கு இருந்தது.

"நாளை மாத்திச் சொன்னது உனக்குத் தெரியுமா?" என்றார் மெதுவாக, மிஷின் பக்கம் போய் ஊசியை எடுத்தவளிடம்.

"தெரியாம என்ன? அட்லஸ்ல திங்கள், வாயில செவ்வாய். நேத்து ஏழு பத்துக்கு ஒரு மூச்சு விட்டீங்களே, மேஜைமேல இருந்த பேட்டர்ன் பேப்பர் பறந்துடுச்சு."

"அப்ப எந்த நாள்னு எப்படி…"

"கடிதம் வந்த அன்னிக்கே மக போன்ல சொல்லிட்டா. இங்க செவ்வாய் ஏழுன்னு."

"பின்ன ஏன் என்கிட்ட கேட்ட?"

"நான் போறதுல உங்களுக்கு இஷ்டமான்னு தெரிஞ்சுக்கத்தான். நேரா கேட்டா போயிட்டு வான்னுதான் சொல்லுவீங்க."

அவருக்குத் தலை குனிந்தது. மீசையாவது மண்ணாவது என்று தோன்றியது. சாப்பாடு ஒரு சாக்கு என்பது அவருக்கே இப்போதுதான் புரிந்தது. ஷிப்ட் முடிந்து தெருமுனை திரும்பும்போது கேட்கிற அந்த மிஷின் சத்தம் ஆறு மாசத்துக்குக் கேட்காது. "நீ இல்லாம இந்த வீட்டுல இருக்க எனக்குப் பயமா இருக்கு" என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார். குரல் கொஞ்சம் உடைந்தது.

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் ஈரம் இருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா விண்ணப்பத்துல உங்க பேரையும் சேர்த்திருப்பேனே. அப்பாவையும் கூட்டிட்டு வான்னுதான் மக முதல்ல சொன்னா."

டைம் கீப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப எழுதிப் போடலாமா?"

"போடலாம். நேர்காணலுக்கு நாள் கிடைக்க ஆறு மாசம் ஆகுமாம்."