நல்ல அறிகுறி

"சார், தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க. வெளிச்சம் பட்டுக் கண்ணு கூசுது" என்று கேமராக்காரர் கத்தியபோது, மழைக்காரர் வரைபடத்தில் ஒரு புயலைக் காட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் தினமும் வானிலை சொல்பவர் என்பதால், நிலையத்தில் எல்லாருக்கும் அவர் மழைக்காரர்தான்.

தயாரிப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"புதுசா ஆரம்பிக்கிற காலை நிகழ்ச்சிக்கு உங்களைத்தான் மனசுல வெச்சிருந்தேன். ஆனா இந்த மண்டையோட முடியாது. நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க. இல்லேன்னா இருக்கிற வேலையும் சந்தேகம்தான்."

உள்ளதைச் சொன்னால், அப்போது அவர் தலையில் முடி இருந்தது. உச்சியில் ஓர் உள்ளங்கை அகலம்தான் காலி. அதையும் பக்கத்து முடியை இழுத்து வாரி ஒப்பேற்றிவந்தார். ஆனால் இந்த வேலை போனால் மனிதருக்கு வேறு என்ன தெரியும்? மழை வரும் என்று சொல்லத் தெரியும். அதுவும் பாதி நாள் வராது.

மறுநாளே முடி வளர்க்கும் மருத்துவமனைக்கு ஓடினார். வரவேற்பறைச் சுவர் முழுக்க ஜோடி ஜோடியாகப் படங்கள். 'முன்' என்ற தலைப்பின் கீழே அழுமூஞ்சி மொட்டைகள். 'பின்' என்ற தலைப்பின் கீழே அதே ஆட்கள், அடர்த்தி இல்லாவிட்டாலும் கௌரவமான முடியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள். மழைக்காரருக்கு அங்கேயே பாதி முடி முளைத்துவிட்டது.

கேமராவோடு ஒரு பெண் வந்தாள். "முடியை நல்லா வாரிக்குங்க சார். ம், சிரிங்க. இன்னும் கொஞ்சம்."

"வைத்தியத்துக்கு வந்தவன் எதுக்கும்மா சிரிக்கணும்?"

"இங்க அப்படித்தான் சார்."

டாக்டர் எந்நேரமும் பச்சைத் தொப்பி போட்டிருந்தார். அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. தலையில் தடவ ஒரு மருந்து கொடுத்தார். தடவிய சில நாளிலேயே தலையணை உறை கறுத்துப்போனது.

"என்னங்க, பூனை ஏதாவது வந்து படுத்துட்டுப் போகுதா?" என்றாள் மனைவி.

டாக்டர் அசரவில்லை. "பழசு கொட்டினாத்தானே புதுசு வரும்? நல்ல அறிகுறி."

அடுத்து, அவர் ரத்தத்தையே உறிஞ்சி, இயந்திரத்தில் போட்டுச் சுற்றி, உச்சந்தலையில் திரும்பக் குத்தினார்கள். காதோரத்தில் மிச்சமிருந்ததும் விடைபெற்றது.

"வேர் முழிச்சுக்குது. நல்ல அறிகுறி."

கடைசியில் நடவு. பின்மண்டையில் பிடுங்கி முன்மண்டையில் நட்டார்கள். நட்டது பிடிக்கவில்லை, பிடுங்கிய இடமும் பொட்டலானது. நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. இன்னொரு புயல் கரையைக் கடந்ததாக அவர் அறிவித்த அன்று, எங்கே கடந்தது என்று யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"ஐயோ, மூஞ்சியே வேற யாரோ மாதிரி இருக்கே!" என்றாள் மனைவி.

"நல்ல அறிகுறி" என்றார் மழைக்காரர். வாய் பழகிவிட்டது.

தயாரிப்பாளர் சுற்றி வளைக்கவில்லை. "காலை நிகழ்ச்சிக்கு வேற ஆள் போட்டாச்சு. வானிலையையும் அவரே பார்த்துப்பாரு. நீங்க வீட்ல இருந்து உடம்பைப் பாருங்க."

டாக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் வேகத்தில் மழைக்காரர் மருத்துவமனைக்குள் நுழைந்தார். டாக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்க வாங்க! எங்க புது விளம்பரத்துக்கு உங்களைத்தான் எடுத்திருக்கோம். காலை நிகழ்ச்சிக்கு நடுவுல தினமும் வரும்!"

மறுபடியும் திரையில்! அதுவும் அதே நிகழ்ச்சியில்! கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னை மொட்டையடித்தவர் கையையே பிடித்துக் குலுக்கினார் அந்த மகா புத்திசாலி.

அதே பெண் கேமராவோடு வந்தாள். "சிரிக்காதீங்க சார். உதட்டைத் தொங்கவிடுங்க. பாவமா... ஆங், அருமை!"

சற்று நேரத்தில் படங்கள் சுவரேறின. 'முன்' என்ற தலைப்பின் கீழே வீங்கிய மொட்டைத் தலை. 'பின்' என்ற தலைப்பின் கீழே, வாரிய முடியோடு சிரித்த முகம்.

மழைக்காரர் பதறிப்போனார். "ஏம்மா, ரெண்டும் இடம் மாறிப்போச்சே! சிரிக்கிறது நான் வந்த அன்னைக்கு எடுத்ததாச்சே!"

அவள் படத்தின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"மாறலை சார். இந்தச் சுவத்துல எல்லாருக்குமே வந்த அன்னைக்கு எடுத்ததுதான் 'பின்'."