அப்பாவின் இடது கை விஷயமாக

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் அம்மாவும் நலம், வீட்டிலுள்ள இரண்டு பைக்குகளும் நலம். அங்கே உங்கள் முதுகுவலியும் அத்தையின் பொறுமையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதவும். கடிதமென்றால் இதெல்லாம் முதலில் வர வேண்டும் என்று அம்மா சொன்னாள். வந்துவிட்டது. இனி விஷயம்.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவீர்கள், அத்தை கேட்பாள், கேட்டதை அம்மாவுக்குச் சொல்வாள், அம்மா அப்பாவுக்குச் சொல்வாள். பைக்குகளில் வயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று பார்ப்பது என் தொழில். இந்த வயர் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா எங்கள் பைக் கிளப்பின் கேப்டன் ஆகிவிட்டார். இரண்டு வருஷமாக அந்தப் பதவிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தவன் நான். அடுத்த மாதம் நான்கு நாள் நீண்ட பயணம், அதில் முன்னால் போக வேண்டியவன் நான். இத்தனைக்கும் மூல காரணம் நீங்கள். போன தடவை வந்தபோது, "மச்சான், ரிட்டயர் ஆயிட்டு வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்றீங்க, அவன்கூட நீங்களும் வண்டிய எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று பற்ற வைத்துவிட்டு ரயிலேறிவிட்டீர்கள். அவர் கிளம்பிவிட்டார்.

உங்களுக்குத் தெரியாததில்லை, அப்பாவுக்கு பைக் என்றால் ஒரு சின்ன லாரி. டேங்க் மேல் நான், பின்னால் ஒரு பக்கமாக அம்மா, அம்மா மடியில் தையல் மெஷின், மெஷினுக்கு மேல் குடை. போக வேண்டிய இடம் என்று ஒன்று இருக்கும், அங்கே போனதும் வண்டியை நிறுத்துவார், இறங்குவோம். எங்கள் கிளப்பில் அப்படியில்லை. நூற்றிருபது கிலோமீட்டர் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். இதை அப்பாவுக்கு விளக்கியபோது அவர் நிதானமாக, வீட்டில் காபித்தூள் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். முழங்கை, முதுகு, தோள் எல்லாவற்றுக்கும் கவசம் உள்ள என் ஜாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, எலும்பு முறிந்த பிறகு போடும் கட்டை இப்போதெல்லாம் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்களா என்றார். அவர் கவசம் என்ன தெரியுமா? அன்றைய பேப்பரை நான்காக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொள்வது. காற்று அடிக்காதாம். வண்டி நின்றால் எடுத்துப் படிக்கலாமாம்.

இதெல்லாம் போகட்டும். பிரச்சினை அவருடைய இடது கை.

பகலில் எதிரே ஒரு பைக் விளக்கு எரிய வந்தால் அப்பா இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் விரித்து மடக்கி விரித்து மடக்கிக் காட்டுவார். "உன் லைட் எரியுது, அணை" என்று அர்த்தம். அவர் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்களாம். இப்போது வரும் பைக்குகளில் சாவியைத் திருப்பினாலே விளக்கு எரியும். சட்டம். அணைக்க ஸ்விட்ச்சே கிடையாது. அந்த வயரிங் பற்றி எங்கள் சர்வீஸ் சென்டரில் புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். அப்பாவுக்கும் படம் போட்டு விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஸ்விட்ச் இல்லேங்கறது கம்பெனிக்காரன் பிரச்சினை. பாத்தும் சொல்லாமப் போனா அது நம்ம பிரச்சினை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "முன்னல்லாம் சொன்னா பதிலுக்குக் கையத் தூக்கிக் காட்டிட்டுப் போவான். இப்ப ஒருத்தன்கூடத் தூக்கறதில்லடா. ஹெல்மெட்டுக்குள்ள தூங்கறாங்களா?" என்று கேட்டார். நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

போன ஞாயிறு காலை கேப்டன் தேர்வுக்கான பயணம். பதினெட்டு வண்டிகள், எல்லோருக்கும் முன்னால் நான். ஹெல்மெட்டோடு பேச முடியாதென்பதால் கிளப்பில் ஏழு கைச்சைகைகள் உண்டு. அட்டையில் படம் வரைந்து பிளாஸ்டிக் உறை போட்டு எல்லோருக்கும் கொடுத்ததும் நான்தான். வரைந்தவன் கையை வெட்ட வேண்டும். ஏழாவது சைகை: ஐந்து விரலையும் விரித்து மடக்கினால், பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் உடனே ஓரங்கட்டி நிற்க வேண்டும். யார் காட்டினாலும் கேள்வி கேட்காமல் நிற்க வேண்டும் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டதும் நான். மெதுவாகப் போகும் வண்டி கேப்டனுக்கு அடுத்து, இரண்டாவதாக வர வேண்டும் என்ற விதியும் என்னுடையதுதான். ஆக, இரண்டாவதாக வந்தது அப்பா. நான் பாட்டுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போகிறேன், கண்ணாடியில் அப்பா தெரிகிறார், அப்பா பின்னால் மற்றவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏழு கிலோமீட்டர் போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், அப்பா மட்டும்தான் இருக்கிறார். மத்தவங்க எங்கேப்பா என்றேன். "எனக்கென்ன தெரியும், உன் ஆளுங்கதானே" என்றபடி பேப்பரை வெளியே எடுத்தார்.

திரும்பிப் போனோம். பதினாறு பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விதிப்படி, கேள்வி கேட்காமல் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடம் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்றார். அடுத்த ஏழு கிலோமீட்டரில் எதிரே ஒரு பைக் விளக்கோடு வந்தது. அவ்வளவுதான். கேட்டால், "நான் எங்கடா தூக்கினேன், கை பழகிடுச்சு, அதுவா போகுது" என்கிறார். இப்படி நாற்பது கிலோமீட்டரில் ஆறு தடவை, மாமா. ஆறு தடவையும் நானும் அப்பாவும் மட்டும் முன்னால் போய், நாங்கள் மட்டும் திரும்பி வந்தோம். காபி குடிக்க வேண்டிய இடத்துக்கு நாங்கள் போய்ச் சேரவேயில்லை.

ஆறாவது தடவை திரும்பி வரும்போது மரத்தடியில் சிரிப்புச் சத்தம். கிளப்பில் பெரிய வண்டி வைத்திருக்கும் பல் டாக்டரும் பேங்க் மேனேஜர் அம்மாவும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடாம். காலை ஐந்து மணிக்கு வண்டியை முறுக்கித் தூக்கத்தைக் கெடுப்பது எந்தக் கழுதை என்று டாக்டர் மூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். அந்தக் கழுதை நான்தான் என்று மேனேஜர் அம்மா அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் ஒன்றாக ஓட்டுகிறவர்கள் நின்று நிதானமாகப் பேசிக்கொண்டதே அன்றைக்குத்தான். டாக்டர் என்னைப் பார்த்து, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு முட்டி வலி. யாருமே நிக்க மாட்டேங்கறாங்களேன்னு நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு ஓட்டிட்டிருந்தேன். உங்கப்பா முன்னாடி போகட்டும்" என்றார். பல் டாக்டரே பல்லைக் கடித்திருக்கிறார் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். பதினாறு கைகள். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்திய அப்பா, அத்தனை பேர் தன்னைப் பார்த்துக் கை தூக்கியிருப்பதைக் கண்டு முகமெல்லாம் மலர்ந்து, "பரவால்ல, பரவால்ல. வீட்டுக்குப் போயி மறக்காம அணைச்சிடுங்க" என்றார். கேப்டன் ஆன விஷயம் வீட்டுக்கு வரும் வழியில்தான் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட முதலில் உட்காருகிறார்.

உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். அவர் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஸ்பீக்கரைப் போடாமல் போன் செய்து, கேப்டன் வேலையெல்லாம் வேண்டாம், இந்த வயதில் முதுகு போய்விடும் என்று சொல்லுங்கள். உங்கள் முதுகையே உதாரணமாகக் காட்டுங்கள். இத்தனை வருஷத்தில் அது ஒருவருக்காவது பயன்படட்டும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் சின்னவளுக்கு என் ஆசி. ஆசி வழங்கும் வயது எனக்கில்லை, ஆனால் கடைசியில் அதையும் எழுத வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

இப்படிக்கு,
கேப்டன் ஆகியிருக்க வேண்டிய
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: இதை மட்டும் தபால் நிலையத்தில், கயிற்றில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். கடிதத்தைப் போடப் பைக்கில் வந்தேனா, எதிரே ஒருவர் நல்ல வெயிலில் விளக்கு எரிய வந்தார். அது எந்த மாடல், அதன் வயர் எது, அதற்கு ஸ்விட்ச் கிடையாது எல்லாம் எனக்கு மனப்பாடம். என் இடது கை எழுந்தது. விரிந்தது, மடங்கியது, மறுபடி விரிந்தது. நான் எங்கே தூக்கினேன் மாமா, அதுவா போனது. அந்த ஆள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, பதிலுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். தபால் நிலையம் வரும்வரை ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

போன் செய்ய வேண்டாம். அடுத்த மாதப் பயணத்துக்கு உங்கள் வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு நீங்களும் வந்து சேருங்கள். முதுகைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஏழு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்போம்.