பாசிதின்னி நியமனம்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, தன் வேலையைச் செய்ய இன்னொரு ஜீவனைக் கண்டுபிடித்த வரலாறே. உழ மாடு கிடைத்தது; எலி பிடிக்கப் பூனை கிடைத்தது. அந்த மகத்தான பயணத்தின் கடைசிப் படியில், ஒரு மீன்தொட்டியின் முன்னால், நான் நின்றிருந்தேன். கையில் ஸ்பாஞ்ச் இல்லாமல்.

தொட்டி என் மாமனாருடையது. அது இருக்கும் கூடமும் அவருடையது. அந்தக் கூடத்து சோபாவில் நான் 'தற்காலிகமாக', இரண்டு வேலைகளுக்கு நடுவில், இருந்தேன். முதல் வேலை போய்விட்டது. இரண்டாவது இன்னும் வரவில்லை. நடுப்பகுதி மட்டும் செழிப்பாக நடந்துகொண்டிருந்தது.

மாமனார் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாலையானால் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அதிலிருந்த ஒரே ஏஞ்சல் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். தட்டையாக, வெள்ளையாக, யாரையும் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து நீந்தும் அதற்கு 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் அவர் என்னிடம், முதல்முறையாக, ஓர் உதவி கேட்டார்.

"மாப்பிள்ளே, கண்ணாடி பூரா பாசி. பச்சையைப் பார்த்தா போகலாம்னு காலமெல்லாம் ரயில் ஓட்டினவன் நான். இந்தப் பச்சையில எங்க போறதுன்னே தெரியல. கொஞ்சம் துடைச்சு விடறீங்களா?"

"துடைச்சா திரும்ப வரும் மாமா."

"குளிச்சாலும்தான் திரும்ப அழுக்காகுது," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

அறியாமையைக் கண்டு நான் கோபிப்பதில்லை, விளக்குவேன். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் விழுகிறது. மீன் மிச்சம் வைத்த தீனியும் மீனின் கழிவும் கரைந்து உரமாகின்றன. வெளிச்சமும் உரமும் கூடினால் பாசி. ஆகவே ஜன்னலுக்குத் திரை போடலாம், தீனியைக் குறைக்கலாம், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றலாம். இவை எதைச் செய்யவும் யாராவது சோபாவிலிருந்து எழுந்திருக்க வேண்டியிருந்ததால், 'நடைமுறைச் சிக்கல்' காரணமாக நிராகரித்தேன். பாசி தின்னும் மீன் ஒன்றை 'நியமிப்பது' என்று முடிவாயிற்று.

சாப்பாட்டு மேஜையில் தேர்வுக் கூட்டம் கூடியது. தலைமை நான்.

"முதல் விண்ணப்பம், சக்கர் மீன். கடையில விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தா முழங்கை நீளம். கொஞ்சம் பாசி தின்னும், நிறையக் கழிவு போடும்."

"பாசியைத் தின்ன வந்து பாசிக்கே உரம் போடுமா?" என்றார் மாமியார்.

"அடுத்தது ஓட்டோ மீன், அத்தை. நகத்தளவு. நேர்மையான உழைப்பாளி. ஆனா தனியா வராது, கூட்டமாத்தான் வரும்."

"இருக்கற ஒண்ணையே சமாளிக்க முடியல," என்றார் மாமியார், எனக்கு இரண்டாம் முறை பரிமாறியபடி. ஹெட்மிஸ்ட்ரஸைச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது, தங்கப் பாசிதின்னி. கடைக்கே போய்ப் பார்த்தேன். வாயைக் கண்ணாடியில் பதித்து மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தது. ஓய்வு ஒழிச்சல் இல்லை. நேர்முகத் தேர்வுகளில் நானும் இப்படித்தான் இருப்பேன் என்பதால் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

வந்த புதிதில் அது கண்ணாடியில் அழகாக ஒரு பாதை போட்டது. மாமியார் இளகிப்போனார். "பாவம், வெறும் பாசியைத் தின்னா உடம்பு எப்படித் தேறும்?" என்று வேளாவேளைக்குத் தீனி உருண்டை போட்டார். பாதை மறுபடி பச்சையாயிற்று. பிறகு கண்ணாடி முழுக்கப் பச்சை. உள்ளே எந்த மீனும் தெரியவில்லை. 'பணிகள் தீவிரமாக நடைபெற்று வருகின்றன' என்று சோபாவிலிருந்தே அறிக்கை விட்டேன்.

ஒரு மாலை மாமனார் பொறுக்க முடியாமல் சட்டைக் கையை மடித்து, தொட்டிக்குள் கைவிட்டு, உள்ளங்கை அளவு பாசியை வழித்தார். அந்த இடைவெளி வழியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். தங்கப் பாசிதின்னி, ஹெட்மிஸ்ட்ரஸின் விலாவில் வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் செதில் போய்ச் சிவந்திருந்தது. துடுப்பு சரியாக அசையவில்லை.

"செத்துடுவாளா மாப்பிள்ளே?" அவர் ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினார்.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. இதைப் பற்றி நான் படித்திருக்கிறேன்!

"அருமையான விஷயம் மாமா இது! இந்த மீன் பசியோட இருக்கறவரைக்கும் நல்லா வேலை செய்யும். வேளாவேளைக்குத் தீனி வர ஆரம்பிச்சா வேலையை நிறுத்திடும். அப்புறம் கூட இருக்கறவங்கள்ல யாரு சாதுவோ, அவங்க விலாவுல ஒட்டிக்கிட்டு உறிஞ்சும். அவங்க இளைச்சுப் போவாங்க, இது கொழுக்கும். ஆனா கெட்ட எண்ணமே கிடையாது. அதோட சுபாவம் அப்படி!"

"இதுக்கு என்ன வழி?" என்றார் மாமியார், மிக மெதுவாக.

"ரொம்பச் சுலபம் அத்தை. ஒண்ணு வெளியே அனுப்பணும். இல்லேன்னா தீனியை நிறுத்தணும்."

மூவரும் என்னையே பார்த்தார்கள். அறிவியலுக்கு இவ்வளவு மரியாதை தரும் குடும்பத்தை நான் கண்டதில்லை.

மனைவி வலையை எடுத்து மீனைப் பிடித்து, கடைக்குக் கொண்டுபோனாள். வெறும் கவரோடு திரும்பி வந்தாள்.

"கடைக்காரர் எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கிட்டார். கையோட உங்க அம்மாவுக்கும் போன் போட்டுக் கேட்டேன்."

"என்னன்னு?"

"'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது'ன்னுட்டாங்க."

அடுத்த வேளை மேஜைக்குப் போனேன். என் தட்டு கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு புது ஸ்பாஞ்ச்.

இப்போது ஹெட்மிஸ்ட்ரஸின் புண் ஆறிவிட்டது. பழையபடி யாரையும் பொருட்படுத்தாமல் நீந்துகிறாள். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே தெரியாது, அவ்வளவு சுத்தம். நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதில் மூக்கை இடித்துக்கொண்டு, "அடேயப்பா! பாசி தின்ன என்ன மீன் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் முழங்கை வரை தொட்டிக்குள் கைவிட்டு நின்றிருந்தேன்.

"மீன் இல்லீங்க," என்றார் மாமனார், என் தோளைப் பெருமையாகத் தட்டி. "இது பெரிய ரகம். துடைச்சு முடிச்சப்புறம்தான் தீனி போடணும்."